தொங்கவிட்ட கதவு

அத்தியாயம் 14

டில்லிபாபு வீட்டில் பதினைந்து நாளாக எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதற்குக் காரணம், மகள் மதிவதனி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அது அவளை என்ன பாடு படுத்தப்போகிறது என்று தெரிந்திருந்தால், அன்றைக்கு வாய் நிறைய சோற்றை அடைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பாள்.

நடுவில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டில்லிபாபு குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வீடு அம்பத்தூர் மேனாம்பேட்டில், பிழைப்பு முகப்பேரில் ஒரு பஜார் தெருவில். அந்தத் தெருவில் சரக்கு இறக்குவதற்கென்று ரோட்டோரமாக மஞ்சள் பெயின்டில் நீளமாக ஒரு கட்டம் போட்டு, கம்பத்தில் கேமராவும் மாட்டிவிட்டார்கள். வண்டி கட்டத்துக்குள் நுழையும்போதே கேமரா பின்பக்கத்து நம்பரைப் படித்துவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால் போனுக்கு அபராதம் வரும். நாற்பது அரிசி மூட்டையை இரண்டாவது மாடிக்கு ஏற்ற இருபது நிமிடம் எப்படிப் போதும் என்று கம்பத்திடம் போய் நியாயம் கேட்க முடியாது.

கேமராவால் படிக்க முடியாத வண்டிகளை மட்டும் மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அந்த வேலை நடக்கிறது. அதைப் பார்க்கிற ஆறு பேரில் ஒருத்தி மதிவதனி. இந்தக் குடும்பத்தின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது அபராதம் வந்த அன்று டில்லிபாபு தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். மதிக்கு மனசு கேட்கவில்லை.

"பின்கதவத் தொங்கவுட்டுக்கினு உள்ள வந்தா நம்பர் மறைஞ்சிடும் நைனா. எங்க கைக்கு வந்தாலும், தெரியலன்னு தள்ளி வுட்டுடுவோம்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவுக்கு மட்டும்தான் சொன்னாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வியாழக்கிழமை காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் வண்டியின் தார்ப்பாய் கிழிந்துவிட்டதால், அதற்குப் பதிலாக நாகவல்லி பரணிலிருந்து ஒரு பழைய ஃப்ளெக்ஸை இறக்கிக் கொடுத்திருந்தாள். மதிக்குப் பதிமூன்று வயதில் மஞ்சள் நீராட்டு விழா நடத்தினார்களே, அப்போது தெருமுனையில் கட்டிய பேனர். கிரீடமும் நெத்திச்சுட்டியுமாக மதி நடுவில் சிரிப்பாள். கீழே வரிசையாக அப்பாவும் மாமாக்களும் சித்தப்பாக்களும் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் யார் போன் செய்தார்களோ தெரியாது.

"வெள்ளப் பக்கம் மேல இருக்கட்டும் நைனா. மறக்காத," என்றாள் மதி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஏன், உன் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?" என்றாள் நாகவல்லி உள்ளேயிருந்து. "பத்து வருசமா பத்திரமா வெச்சிருக்கேன். சாயம்கூட போவல."

"அம்மா, நீ சும்மா இரு."

டில்லிபாபு எதுவும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பை மதி கவனித்திருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவுக்கு நேரமாகிவிட்டது.

தெருமுனை வண்டி ஸ்டாண்டில் சின்னசாமி நின்றிருந்தார். டில்லிபாபுவின் இருபது வருட சிநேகிதர், அவரும் குட்டியானைக்காரர். மதியைக் கண்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மேடம், ஒரு டீ சாப்ட்டு போறது."

"இன்னா சித்தப்பா, புதுசா மேடம்னு?"

"பின்ன, எங்க எல்லாரையும் மேலருந்து பாத்துகினு கீற ஆளாச்சே." குரலைத் தாழ்த்தினார். "கதவு மேட்டரு சூப்பரும்மா. எங்க ஸ்டாண்டு மட்டும் இல்ல, பாடி ஏரியா ஸ்டாண்டுல இருந்து வர்றவனுங்ககூட இப்ப அப்டித்தான் வர்றானுங்கோ. எல்லாம் உன் புண்ணியம்."

மதி தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். எஸ்டேட் வரும்வரை வெளியில் பார்க்கவே இல்லை.

*

பத்து மணிக்கு கோபி எல்லோரையும் பெரிய திரைக்கு முன் கூப்பிட்டான். கோபி அந்த அறையின் சூப்பர்வைசர். முப்பது வயது, கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தால் மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவன் என்று தெரிந்தது.

"போன மாசம் நம்பர் தெரியாத கிளிப் ஒரு நாளைக்குப் பத்து வரும், பன்னெண்டு வரும். நேத்து நூத்தி நாப்பது. அத்தனையும் கதவு தொங்கற வண்டி. கட்டத்துல ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் நிக்குது. வேற வண்டி உள்ள வர வழியில்ல. கடைக்காரங்க சங்கத்துல லெட்டர் கொடுத்துட்டாங்க."

கோபி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஒருத்தர் ரெண்டு பேர் பண்ணா தற்செயல்னு விட்டுடலாம். தெருவே பண்ணுதுன்னா, இது இந்த ரூமுக்குள்ளேர்ந்துதான் போயிருக்கு. இதோ, இன்னைக்குக் காலையில வந்தது."

திரையில் ஏழு வண்டிகள் வரிசையாகத் தெருவுக்குள் வந்தன. ஏழின் பின்கதவும் தொங்கிக்கொண்டு ஆடியது. கிளிப்பில் சத்தம் கிடையாது. ஆனால் அந்த இரும்புக் கதவு வண்டியில் இடிக்கும் சத்தம் மதிக்குக் கேட்டது. அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம்.

கடைசி வண்டியின் மேல் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. வெள்ளைப் பக்கம் மேலே இல்லை.

கோபி படத்தை நிறுத்திப் பெரிதாக்கினான். சுவர் அகலத்துக்குப் பதிமூன்று வயது மதி கிரீடம் வைத்துக்கொண்டு சிரித்தாள். பெயர் இருக்கும் இடம் கயிற்றுக்கு அடியில் மடிந்திருந்தது.

பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த மாமாவப் பாரு. ஆசீர்வாதம் பண்ற நேரத்துலயும் போன் பேசறாரு."

அந்த மாமா டில்லிபாபு. பத்து வருடத்துக்கு முந்தைய டில்லிபாபு, தலை நிறைய முடியோடு.

கோபி கிளிப்பை மேலே ஓட்டினான். வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். கேமராவை அண்ணாந்து பார்த்து, கையை உயர்த்தி இரண்டு தடவை ஆட்டினார். தூறலில் முகம் சரியாகத் தெரியவில்லை.

"திமிரப் பாருங்க. நம்மளப் பாத்து டாட்டா காட்டறாரு," என்றான் கோபி.

மறுபடியும் சிரிப்பு. மதியும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று பயந்து சிரித்தாள். அப்பாவின் கையசைப்பைப் பார்த்து அந்நியர்களோடு சேர்ந்து தானும் சிரித்துவிட்டோம் என்பது அந்த நொடியே அவளுக்கு உறைத்தது. வாயை மூடியபோது கன்னம் எரிந்தது.

"இந்தப் பாப்பா யாருன்னு தெரிஞ்சா வண்டி கிடைச்சிடும். அதை அப்பறம் பாத்துக்கறேன்," என்று கோபி ஒரு ஃபைலைத் திறந்தான். "வேலைக்குச் சேரும்போது எல்லாரும் ஒரு ஃபாரம் எழுதினீங்க. குடும்பத்துல யாருக்காவது சரக்கு வண்டி இருக்கான்னு ஒரு கேள்வி. அஞ்சு பேர் இல்லைன்னு போட்டிருக்கீங்க. ஒருத்தர் மட்டும் ஆமான்னு போட்டிருக்கீங்க."

எல்லோரும் ஆக்னஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆக்னஸுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவள், இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தாய். கணவர் தண்ணீர் கேன் போடும் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார். மதிக்குப் பக்கத்து நாற்காலி. எட்டு மாதமாக மத்தியானத்தில் அவளுடைய டிபன் பாக்ஸின் மேல் தட்டு மதிக்குத்தான். வெள்ளிக்கிழமை என்றால் மீன் குழம்பு வரும்.

"எழுதினது நான்தானே சார்," என்றாள் ஆக்னஸ். "மறைக்கணும்னா எழுதியிருப்பேனா?"

கோபிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. "எனக்குப் புரியுதுங்க. ஆனா மேல கேட்டா நான் யாரைக் காட்டறது? சாயந்தரத்துக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் கொடுங்க. வேற யாருன்னு தெரிஞ்சா அதையும் எழுதுங்க. அதுவரைக்கும் கார்டைக் குடுத்துட்டு வெளிய உக்காருங்க."

ஆக்னஸ் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றினாள். நாடா முடியில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுக்கொண்டே ஒரு தடவை திரையைப் பார்த்தாள். பிறகு மதியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று மதிக்குத் தெரியும். சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் பாதிதான். மீதிப் பாதி அந்த ஃபாரம். கோபி அவள் காகிதத்தை எடுத்து, எல்லோர் முன்னாலும் 'இல்லை' என்ற சொல்லைப் படித்துக் காட்டுவான். அப்பாவுக்கு வண்டியே இல்லை என்று சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த பெண் என்று அத்தனை பேரும் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியாமல், அவள் ஒரு மனுஷியை எழுந்து வெளியே போகவிட்டாள்.

*

பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் மதி வெளியே வந்தாள். மாடிப்படி ஓரத்து பெஞ்சில் ஆக்னஸ் வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா..."

"நெத்திச்சுட்டி நல்லா இருந்துச்சு," என்றாள் ஆக்னஸ், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சொந்தமா, வாடகைக்கு எடுத்ததா?"

மதியின் கையில் பாட்டில் கனத்தது.

"வாடகைக்கு," என்றாள்.

"அன்னைக்கு மழையில ஒருத்தர் சரக்கு வண்டியில உன்னைக் கொண்டுவந்து விட்டாரே. யாருன்னு கேட்டேன். எங்க தெருக்காரர்னு சொன்ன. இறங்கும்போது 'பாத்துப் போ கண்ணு'ன்னாரு. எந்தத் தெருக்காரரும் அப்படிச் சொல்ல மாட்டாரு மதி. அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன்க்கா என்கிட்ட கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? எதுக்கு மறைக்கிறேன்னா? சின்னப் பொண்ணு, நிஜத்தைச் சொல்ல வாய் வராம அப்படிச் சொல்லிட்டேன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால்கூட மதிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்கா, நான்தான், மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் வந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீங்க எதுவும் பண்ணலைன்னு நல்லா எழுதிக் கொடுங்கக்கா. சார் புரிஞ்சிப்பாரு."

சொன்ன பிறகு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆக்னஸ் நிமிர்ந்து அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"சரி. நீ உள்ள போ. இங்க நின்னுட்டிருந்தா உன்னையும் கேப்பாங்க."

மதி உள்ளே போனாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பெஞ்சின் ஒரு முனை தெரிந்தது. ஆக்னஸின் முழங்கையும் எழுதுகிற கையும் தெரிந்தன. மத்தியானம் மதி சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

*

ஷிஃப்ட் முடிந்து நான்கரை மணிக்கு மதி முகப்பேர் பஜார் தெருவில் இறங்கினாள். தூறல் நின்றிருந்தது. மஞ்சள் கட்டத்துக்குள் ஐந்து வண்டிகள், ஐந்தின் கதவும் தொங்கிக்கொண்டிருந்தது. சரக்கு எப்போதோ இறக்கியாகிவிட்டது. டிரைவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து அடுத்த லோடுக்குக் காத்திருந்தார்கள். கட்டத்துக்கு வெளியே நடுரோட்டில் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் எண்ணெய் டின்களை இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் மாட்டிக்கொண்ட மினி பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.

கேமராவில் ஆயிரம் தடவை பார்த்த தெரு. ஆனால் அந்த மீன்பாடி வண்டிக்காரரின் முதுகு நனைந்திருந்ததை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"அந்தா வருது பாரு," என்று சின்னசாமி புது டிரைவர் ஒருவனிடம் காட்டினார். "நான் சொல்லல? அதான் நம்ம டில்லி பொண்ணு."

டில்லிபாபு முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். "வா கண்ணு. பாத்தியா?"

"இன்னாத்த?"

"ஃப்ளெக்ஸு. நீ பாப்பன்னுதான் திருப்பிக் கட்னேன். காலீல கை ஆட்னனே, அதுகூடவா பாக்கல?"

மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா பயந்துபோய் அவளை வண்டிக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். மதி எல்லாவற்றையும் சொன்னாள். நூற்று நாற்பது கிளிப், கோபி, ஆக்னஸ், வெள்ளைத் தாள். சிரித்ததை மட்டும் சொல்லவில்லை.

"எத்தினி பேர்கிட்ட சொன்ன நைனா?"

"சின்னசாமிகிட்ட மட்டும்தாம்மா." கொஞ்சம் நிறுத்தினார். "அப்பால அவன் முன்னாடியே இன்னும் நாலு பேர் இருந்தானுங்கோ. உன் பொண்ணு பெரிய எடத்துல கீதே, உனக்கு இன்னா பண்ணுச்சின்னு ஒருத்தன் கேட்டான். எனக்குத் தாங்கல. எனக்கோசரம் என் பொண்ணு இதச் சொல்லிக் குடுத்துச்சின்னு சொல்லிட்டேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே வியர்வை ஒன்றும் இல்லை.

"பெருமைக்கு சொன்னேன் கண்ணு. தப்பாப் பூடும்னு நெனைக்கல. நான் வேணா வந்து உங்க சார்கிட்ட சொல்றேன். வண்டி என்னிது, தப்பும் என்னிது, பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"முடியாது நைனா."

"ஏன் முடியாது?"

"வேலைக்குச் சேரும்போது ஃபாரத்துல கேட்டாங்க. ஊட்ல யாருக்காவது சரக்கு வண்டி கீதான்னு. இல்லன்னு எழுதிட்டேன்."

டில்லிபாபு அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன் வாங்கி, தவணை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டு, அவள் பள்ளிக்கூடத்துக்கு நேரமானபோதெல்லாம் முன்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோய்விட்ட வண்டி.

"இல்லன்னா எழுதுன?"

"ம்."

"வேல கெடைக்காதுன்னா? இல்ல, வெக்கமா கீதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்று காலையிலிருந்து சொன்னதும் சொல்லாததும் தொண்டைவரை நிறைந்திருந்தன. இன்னொன்றுக்கு இடமில்லை.

"ரெண்டும்தான் நைனா."

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், யாரோ கடையில் சரக்குக்கு விலை சொன்னதைக் கேட்டுக்கொண்ட மாதிரி. சின்னசாமி எப்போதோ பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார்.

டில்லிபாபு பின்னால் போனார். தொங்கிய கதவை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, இடது பக்கம் ஒரு கொக்கி, வலது பக்கம் ஒரு கொக்கி மாட்டினார். நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்தார்.

"நவுரு," என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்து, மறுபடியும் கட்டத்துக்குள் நுழைந்தார். நேராகக் கம்பத்தின் கீழே நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"மாமே, இன்னா பண்ற? நம்பர் கேமராவுல வுழுவுது பாரு," என்று சின்னசாமி ஓடிவந்தார்.

"வுழட்டும். இருவது நிமிசம் தாண்டட்டும். எல்லாரும் கதவத் தூக்குங்கடா. இத்தோட வுட்டுடுங்கோ. என் பொண்ணு சொல்லல, நான்தான் வாய வெச்சிகினு சும்மா இல்லாம சொன்னேன்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னசாமி முதலில் தன் கதவைத் தூக்கினார். இரண்டு பேர் பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். எண்ணெய் டின்காரர் காலியான இடத்துக்குத் தன் வண்டியைத் தள்ளினார்.

"மதி, நீ அந்தாண்ட போயி நில்லு. இங்க நின்னா நீயும் கேமராவுல வுழுவ," என்றார் டில்லிபாபு.

அவள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, மளிகைக்கடை நிழலில் போய் நின்றாள். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கேமராவைப் பார்க்கவில்லை. காலையில் ஆட்டிய கை ஸ்டியரிங் மேல் கிடந்தது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அவர் மடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தனக்குப் பதிலாக இன்னொருவர் இப்படி உட்கார்ந்திருப்பதை அவள் இன்றைக்கு இரண்டாவது தடவையாகப் பார்க்கிறாள்.

மதி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். வண்டியின் பின்னால், நம்பருக்குப் பக்கத்தில் நின்றாள். தலைக்கு மேல் பதிமூன்று வயது மதி கிரீடத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தோராவது நிமிடம் அவள் பையில் போன் ஒலித்தது. அபராதச் செய்தி. நைனாவுக்குப் படிக்க வராது என்று வண்டிக்கு அவளுடைய நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஃபாரத்தில் இல்லாத வண்டி அவள் போனில் எப்போதும் இருந்தது.

அதைப் பார்த்து முடிப்பதற்குள் கோபி கூப்பிட்டான்.

"மதி, ஸ்க்ரீன்ல அந்த ஃப்ளெக்ஸ் வண்டிகிட்ட ஒரு பொண்ணு நிக்குது. உன்ன மாதிரியே இருக்கு."

"நான்தான் சார். அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்கறதும் நான்தான்."

கோபி அடுத்ததைக் கேட்கும் முன்பே அவள் தொடர்ந்தாள்.

"இது எங்க நைனா வண்டி சார்." ஆபீசில் அவள் ஒருநாளும் நைனா என்று சொன்னதில்லை. "கதவு விஷயம் நான்தான் சொன்னேன். ஃபாரத்துல எழுதினதும் பொய். ஆக்னஸ் அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"மதி." கோபியின் குரல் அடங்கியிருந்தது. "ஆக்னஸ் ரெண்டு மணிக்கே எழுதிக் கொடுத்துட்டாங்க. தான்தான் வெளிய சொன்னதா எழுதிக் கையெழுத்து போட்டிருக்காங்க. வேற யாருக்கும் இதுல பங்கு இல்லைன்னு கடைசியில ஒரு வரி. நான் அப்பவே மேல அனுப்பிட்டேன். அவங்க கணக்கை முடிச்சு வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நீ ஏம்மா காலையிலேயே சொல்லல?"

அவன் இன்னும் ஏதோ சொன்னான். அது அவள் காதில் ஏறவில்லை. வெள்ளைத் தாளும், எழுதிய கையும், நீ உள்ள போ என்ற குரலும்தான் நினைவில் இருந்தன. நீங்க எதுவும் பண்ணலைன்னு எழுதுங்கக்கா என்று அவள் புத்தி சொன்னபோது, ஆக்னஸ் பார்த்த அந்தப் பார்வையின் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

டில்லிபாபு இறங்கி வந்தார். "இன்னாவாம்?"

திக்கித் திக்கிச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஏறு. அந்தம்மா ஊட்டுக்குப் போலாம். வாசல்ல நின்னு கால்ல வுழுந்தாலும் சரி. ஊடு எங்க கீது?"

"ஆவடி."

"ஆவடி பெரிய ஊரு. ஆவடில எங்க?"

மதி வாயைத் திறந்தாள். எட்டு மாதம் அந்த டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மீன் குழம்பின் ருசி நாக்கில் இருக்கிறது. ஆக்னஸ் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், அந்த இரண்டு பெண்குழந்தைகளின் பெயர் என்ன என்று ஒருநாள்கூட அவள் கேட்டதில்லை.

டில்லிபாபு சாவியோடு காத்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது நைனா," என்றாள்.